மெயின்ஃப்ரேம் பேட்ச் ஷெட்யூலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ் இயங்குதளம் ஓடும் மெயின்ஃப்ரேமில் இரவு பேட்ச் (ஆள் தலையீடின்றித் தொகுப்பாக ஓடும் ஜாப்கள்) பார்க்கும் டெவலப்பர்களுக்கும் சப்போர்ட் ஆட்களுக்கும் எழுதியது இது. அதிகம் புழக்கத்தில் இருக்கும் மூன்று ஷெட்யூலர்களை (எந்த ஜாப் எப்போது ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) வைத்துப் பதில் சொல்கிறோம்: பிஎம்சியின் கன்ட்ரோல்-எம், இப்போது பிராட்காமிடம் உள்ள சிஏ-7, ஐபிஎம்மின் இசட் ஒர்க்லோட் ஷெட்யூலர். மூன்றாவதைப் பழைய ஆட்கள் இன்னும் ஓபிசி என்றே சொல்கிறார்கள். நாங்களும் அப்படியே சொல்கிறோம்.

ஜாப்பை ஓட்டுவது ஜெஸ்2 தானே, தனியாக ஷெட்யூலர் எதற்கு?

ஜெஸ்2 என்பது இசட்/ஓஎஸ்ஸில் ஜாப்களை வாங்கி வரிசைப்படுத்தும் பகுதி. அதற்கு வந்து சேர்ந்த ஜாப்தான் தெரியும். வரவேண்டிய ஜாப் தெரியாது. சப்மிட் ஆன ஜேசிஎல்லை (ஜாப்பின் ஸ்டெப்கள், கோப்புகள் எவை என்று எழுதும் மொழி) வாங்கும், பிழை பார்க்கும், கிளாஸ் வாரியாக வரிசையில் நிறுத்தும். காலியாக உள்ள இனிஷியேட்டர் (ஒரு நேரத்தில் ஒரு ஜாப்பை ஓட்டும் இடம்) தன் கிளாஸில் முன்னுரிமை கூடிய ஜாப்பை எடுத்து ஓட்டும். இன்று மாதக் கடைசி, வட்டிக் கணக்கு ஓட வேண்டும், அதுவும் டெபாசிட் போஸ்டிங் முடிந்த பிறகுதான் ஓட வேண்டும் என்பதெல்லாம் ஷெட்யூலரின் பொறுப்பு. இன்றைக்கு எந்த ஜாப் என்று பட்டியல் எடுப்பது, நிபந்தனை நிறைவேறியதும் சப்மிட் செய்வது, எப்படி முடிந்தது என்று பார்த்து அடுத்ததை விடுவிப்பது: இந்த மூன்றுதான் அதன் வேலை.

2015-இல் வந்த இசட்/ஓஎஸ் 2.2 முதல் ஜெஸ்2-விலேயே ஜாப்குரூப் என்ற வசதி உண்டு. எது முன், எது பின், எவை சேர்ந்து ஓட வேண்டும் என்று ஜேசிஎல்லிலேயே எழுதிவிடலாம். ஒரே இரவுக்குள் பத்துப் பதினைந்து ஜாப்பைக் கோக்க அது போதும். விடுமுறை, மாதக் கடைசி, நேற்றைய தேதிக்கான ரீரன் என்று வந்தால் அது போதாது.

ஜாப் முடிந்தது ஷெட்யூலருக்கு எப்படித் தெரிகிறது?

சிஏ-7, ஓபிசி இரண்டும் எஸ்எம்எஃப் (சிஸ்டம் தன் நிகழ்வுகளை எழுதும் பதிவு), ஜெஸ் இரண்டின் எக்ஸிட்கள் (இடையில் நுழைந்து ஓடும் சிறு ப்ரோக்ராம்கள்) வழியாகத் தெரிந்துகொள்கின்றன. கன்ட்ரோல்-எம் ஜாப்பின் அவுட்புட்டைப் படித்துத் தெரிந்துகொள்கிறது. அதனால் கன்ட்ரோல்-எம்மில் ஒரு வில்லங்கம் உண்டு: ஜேசிஎல்லில் யாராவது மெசேஜ் கிளாஸை மாற்றி, அல்லது ஸ்பூலை (அவுட்புட் சேரும் இடம்) சுத்தம் செய்கிறேன் என்று அவுட்புட்டை அழித்துவிட்டால், ஜாப் நன்றாக முடிந்திருந்தாலும் ‘டிஸ்அப்பியர்டு’ என்று காட்டும். அடுத்த ஜாப்கள் நிற்கும். எஸ்எம்எஃப் பதிவைப் பார்த்து உண்மையில் எப்படி முடிந்தது என்று உறுதி செய்த பிறகே கையால் ஓகே போட வேண்டும்.

ஒரு மணிக்கு ஓடு என்று நேரம் கொடுத்தேன். ஏன் ஒரு மணிக்கு ஓடவில்லை?

நீங்கள் கொடுத்தது ஓடும் நேரம் அல்ல, அதற்கு முன் ஓடாதே என்ற தடை. ஷெட்யூலருக்கு நேரமும் மற்ற நிபந்தனைகளில் ஒன்று, அவ்வளவுதான். முந்தைய ஜாப் முடிந்ததா, ரிசோர்ஸ் (கோப்பு, டேப் டிரைவ் போன்றவை) இருக்கிறதா, ஆபரேட்டர் கன்ஃபர்ம் செய்தாரா, நேரம் வந்ததா, எல்லாவற்றுக்கும் ஆம் என்றால்தான் சப்மிட். சப்மிட் ஆன பிறகும் இனிஷியேட்டர் காலியாக இருக்க வேண்டும். ஒரு மணி என்று போட்ட ஜாப் 3:20-க்கு ஓடினால் ஷெட்யூலர் பழுதாகவில்லை.

ஓபிசியில் இது இன்னும் குழப்பும். அங்கே இன்புட் அரைவல் என்று ஒரு நேரம் கேட்கும். புதியவர்கள் அதை ஆரம்ப நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அந்த ஓட்டத்தை அடையாளம் காட்டவும், எந்த முன்னோடியோடு (முன்னால் முடிய வேண்டிய ஜாப்) எது சேரும் என்று தீர்மானிக்கவும்தான். டைம் டிபெண்டன்ட் என்ற இடத்தில் ஆம் என்று போட்டால் மட்டுமே ஜாப் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கும். போடாவிட்டால், காலை 6 மணி இன்புட் அரைவல் உள்ள ஜாப் முன்னோடி முடிந்துவிட்டது என்று நள்ளிரவிலேயே ஓடிவிடும்.

சிஏ-7-இல் டியூ-அவுட் நேரம் என்று கொடுப்பது ஜாப் முடிய வேண்டிய நேரம். தாண்டினால் லேட் என்று எச்சரிக்கும். ஜாப்பை ஓட்டிவிடாது, நிறுத்தவும் செய்யாது.

முடிந்தவரை நேரத்தை வைத்து வரிசை அமைக்காதீர்கள். ‘முதல் ஜாப் எப்படியும் 2 மணிக்குள் முடிந்துவிடும், இரண்டாவதை 2:15-க்கு வைப்போம்’ என்று அமைத்தது மாதக் கடைசி வரை ஓடும். அன்று முதல் ஜாப் 2:40 வரை இழுக்கும், இரண்டாவது பாதிக் கோப்பை எடுத்துக்கொண்டு போகும். பிழைச் செய்தி வராது. கணக்குதான் தப்பாக வரும்.

ஒரு ஜாப் பட்டியலுக்குள் எப்படி வருகிறது?

கன்ட்ரோல்-எம்மில் நியூ டே என்ற நடைமுறை தினமும் குறித்த நேரத்தில், பல இடங்களில் காலையில், ஓடி அன்றைய ஜாப்களை ஆக்டிவ் ஜாப்ஸ் ஃபைலுக்குள் கொண்டுவரும். இதற்குப் பெயர் ஆர்டர் செய்வது. ஆர்டர் ஆனதால் ஓடும் என்று அர்த்தமில்லை, காத்திருக்கத் தொடங்கியது என்றுதான் அர்த்தம். சிஏ-7-இல் ஷெட்யூல் ஸ்கேன் அவ்வப்போது விழித்து, வரவிருக்கும் ஜாப்களை ரிக்வெஸ்ட் க்யூவில் போடும். தேவைகள் நிறைவேறியதும் ரெடி க்யூ, ஓடத் தொடங்கியதும் ஆக்டிவ் க்யூ. ஓபிசியில் லாங் டெர்ம் பிளான் என்ற நீண்ட காலத் திட்டத்திலிருந்து கரன்ட் பிளான் தினமும் நீட்டிக்கப்படும். அந்த நீட்டிப்பு ஜாப் தோற்றால் நாளைய வேலை பிளானுக்குள்ளேயே வராது. அதற்கு மட்டும் தனி அலாரம் வையுங்கள்.

சிஏ-7-இல் ட்ரிகர், ரிக்வயர்மென்ட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ட்ரிகர் ஜாப்பைக் க்யூவுக்குள் கூட்டிவரும். ரிக்வயர்மென்ட் ஏற்கெனவே க்யூவில் இருக்கும் ஜாப்பைப் பிடித்துவைக்கும். ஒரு ஜாப்புக்கு மூன்று முன்னோடிகளை ரிக்வயர்மென்ட்டாக எழுதிவிட்டு, ஷெட்யூலோ ட்ரிகரோ கொடுக்க மறந்தால் அது க்யூவுக்கே வராது. எந்த எச்சரிக்கையும் இராது. மூன்று முன்னோடிகளிலும் ட்ரிகர் வைத்தால் மூன்று முறை வரும். கடைசியாக முடியும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றில் ட்ரிகர், மற்ற இரண்டும் ரிக்வயர்மென்ட் என்பதே வழக்கம். எது கடைசி என்று தெரியாவிட்டால் நேர ஷெட்யூல் கொடுத்து மூன்றையும் ரிக்வயர்மென்ட்டாக வையுங்கள்.

லீட் டைமையும் கவனியுங்கள். முன்னோடி எத்தனை மணி நேரத்துக்குள் முடிந்திருந்தால் ஏற்கலாம் என்பது அது. 0 என்றால் இந்த ஜாப் க்யூவுக்கு வந்த பிறகு முன்னோடி புதிதாக முடிய வேண்டும். முன்னோடி சீக்கிரமே முடிந்துவிடும் நாளில் 0 போட்ட ஜாப் விடியும்வரை காத்திருக்கும். 24 போட்டால் நேற்றைய ஓட்டத்தையே இன்றையது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தினசரி ஜாப்புக்கு 24-க்கு நன்றாகக் குறைந்த எண்ணே பாதுகாப்பு.

ஓடேட் என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்?

பேட்சில் நடக்கும் பெரிய குளறுபடிகளுக்கு எங்கள் கணிப்பில் கடிகாரம் காரணம் அல்ல, தேதிதான். 14-ஆம் தேதி வணிகத்துக்கான செட்டில்மென்ட் 15-ஆம் தேதி அதிகாலை 1:40-க்கு ஓடும். காலண்டரில் 15, வேலை 14-க்கானது. அந்த வேலைத் தேதிதான் கன்ட்ரோல்-எம்மில் ஓடேட். நியூ டே நேரம் வரும்வரை ஓடேட் மாறாது.

ஜாப்களை இணைக்கும் கண்டிஷன் ஒவ்வொன்றும் ஒரு தேதியைச் சுமக்கும். முதல் ஜாப் 14-ஆம் தேதிக் கண்டிஷனை வெளியிடும். அதே தேதிக் கண்டிஷனுக்காக இரண்டாவது காத்திருக்கும். தோற்ற ஜாப்பை யாராவது 15-ஆம் தேதி ஓடேட்டில் மறுபடி ஆர்டர் செய்து ஓட்டினால், அது ஓகே என்று முடியும், 15-ஆம் தேதிக் கண்டிஷனை வெளியிடும், அடுத்த ஜாப் 14-க்காகக் காத்துக்கொண்டே இருக்கும். இதைவிட மோசம் மறுநாள்: 15-ஆம் தேதிக் கண்டிஷன் ஏற்கெனவே இருப்பதால், முன்னோடி ஓடும் முன்பே அடுத்தது ஓடிவிடும்.

இன்னொரு பொறி. கன்ட்ரோல்-எம் கண்டிஷனின் தேதியில் மாதமும் நாளும் மட்டுமே, ஆண்டு இல்லை. போன வருடம் மார்ச் 31-க்குப் போட்ட கண்டிஷன் அழிக்கப்படாமல் கிடந்தால், இந்த வருடம் மார்ச் 31 அன்று அது ஆம் சொல்லும். பழைய கண்டிஷன்களை அழிக்க ஐஓஏசிஎல்சிஎன்டி என்ற யூட்டிலிட்டி இருக்கிறது. அது தினமும் ஓடுகிறதா, எத்தனை நாள் விட்டுவைக்கிறது என்று பாருங்கள். அதோடு, பயன்படுத்திய கண்டிஷனைப் பயன்படுத்திய ஜாப்பே முடிவில் நீக்கும்படி எழுதுவது நல்ல பழக்கம்.

ரிட்டர்ன் கோட் 4 வந்தால் வெற்றியா தோல்வியா?

ரிட்டர்ன் கோட் என்பது ஒரு ஸ்டெப் முடிவில் தரும் எண். அது வெற்றியா என்பது நீங்கள் முடிவு செய்வதுதான். 0 நலம், 4 எச்சரிக்கை, 8-உம் அதற்கு மேலும் பிழை என்பது மரபு, கட்டாயம் இல்லை. காலியான கோப்பை சார்ட் செய்து 4 தரும் ஸ்டெப்பும் உண்டு, பாதி ரெக்கார்டைத் தள்ளிவிட்டு 4 தரும் ப்ரோக்ராமும் உண்டு. ஜாப் வாரியாக, முடிந்தால் ஸ்டெப் வாரியாக எல்லை வையுங்கள். எல்லா ஜாப்புக்கும் 4 வரை ஓகே என்று பொதுவாகப் போடுவது சோம்பல்.

ஸ்டெப்பைத் தாண்டச் சொல்லும் ஜேசிஎல்லின் காண்ட் தலைகீழ். காண்ட்=(4,எல்டி) என்றால், 4 என்பது முந்தைய ரிட்டர்ன் கோடைவிடச் சிறியது என்றால் இந்த ஸ்டெப்பைத் தாண்டிப் போ. அதாவது நிபந்தனை உண்மையானால் ஓடாது. புதிதாக எழுதுவதானால் இஃப், தென், எல்ஸ் கூற்றுகளையே எழுதுங்கள். இரவு 3 மணிக்குப் படிப்பவருக்கும் புரியும். இதில் கவனிக்க வேண்டியது: தாண்டப்பட்ட ஸ்டெப் ரிட்டர்ன் கோட் தராது. முக்கியமான ஸ்டெப் ஓடாமலே ஜாப் 0-வில் முடியலாம், ஷெட்யூலர் பச்சை காட்டும்.

கோப்பு வந்ததும் ஓட வேண்டும் என்று வைத்தோம். பாதிக் கோப்போடு ஓடிவிட்டது. ஏன்?

டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் கோப்பு) ட்ரிகர் பெரும்பாலும் எழுதுபவர் கோப்பை மூடும் தருணத்தைப் பார்க்கிறது. ஒரே கோப்பை ஜாப் இரண்டு ஸ்டெப்பில் திறந்து எழுதினால் முதல் மூடலிலேயே ட்ரிகர் விழும். வெளியிலிருந்து அனுப்பும் கோப்பு இடையில் அறுந்தாலும் மூடப்படும். அனுப்புபவர் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் வந்த பிறகு பெயர் மாற்றட்டும். அல்லது கடைசியில் ஒரு சிறிய அடையாளக் கோப்பு அனுப்பட்டும், ட்ரிகர் அதன்மேல் இருக்கட்டும். இரண்டோடும், ட்ரெய்லர் ரெக்கார்டில் (கோப்பின் கடைசிப் பதிவு) உள்ள எண்ணிக்கையை முதல் ஸ்டெப்பில் சரிபாருங்கள்.

இரண்டு ஜாப்கள் ஒரே கோப்பைக் கேட்டால் சிஸ்டமே காக்க வைக்காதா? ரிசோர்ஸ் எதற்கு வரையறுக்க வேண்டும்?

காக்க வைக்கும், ஆனால் தவறான இடத்தில். டிஸ்ப்=ஓல்டு (கோப்பு எனக்கு மட்டும் வேண்டும்) என்று கேட்கும் ஜாப், கோப்பு வேறொருவரிடம் இருந்தால், ‘வெயிட்டிங் ஃபார் டேட்டா செட்ஸ்’ என்ற ஐஇஎஃப்099ஐ செய்தியைப் போட்டுவிட்டு இனிஷியேட்டரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அந்தக் கிளாஸில் 8 இனிஷியேட்டர் இருந்து, 8-லும் இப்படி ஆட்கள் உட்கார்ந்தால், கோப்பை விடுவிக்க ஓடவேண்டிய ஜாப்புக்கே இடமில்லை. ஷெட்யூலரில் ரிசோர்ஸ் வரையறுத்தால் காத்திருப்பு இனிஷியேட்டருக்கு வெளியே நடக்கும்.

இரண்டு வகை வேண்டும். ஒன்று எண்ணிக்கை: டேப் டிரைவ் 12, இந்த ஜாப்புக்கு 3, மீதி 9. மற்றொன்று உரிமை: படிப்பவர்களுக்குப் பகிர்வு, எழுதுபவருக்குத் தனியுரிமை. ரிசோர்ஸ் பெயருக்கும் உண்மையான கோப்புக்கும் ஷெட்யூலர் எந்த முடிச்சும் போடாது என்பதை நினைவில் வையுங்கள். ஒரு டீம் பெயரைச் சற்று மாற்றி எழுதினால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்.

ஒரே பெயருள்ள இரண்டு ஜாப்களை ஜெஸ்2 இயல்பில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விடும். அதை நம்பி வரிசை அமைத்த பழைய நிறுவனங்கள் உண்டு. ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் அந்தக் காவல் போய்விடும்.

முன்னுரிமையை உயர்த்தினேன், வேகமாக ஓடவில்லையே?

எந்த முன்னுரிமை? மூன்று இருக்கின்றன. ஷெட்யூலரின் முன்னுரிமை, ரிசோர்ஸுக்கு அடித்துக்கொள்ளும் ஜாப்களில் யாரை முதலில் சப்மிட் செய்வது என்பது. ஜெஸ் முன்னுரிமை, 0 முதல் 15 வரை, க்யூவில் யார் முதலில் என்பது. ஓடத் தொடங்கிய பிறகு சிபியு யாருக்கு என்பதை டபிள்யூஎல்எம் (இசட்/ஓஎஸ்ஸின் பணிச்சுமை நிர்வாகி) தன் சர்வீஸ் கிளாஸ் இலக்கை வைத்து முடிவு செய்யும். அங்கே முக்கியத்துவம் 1 உயர்ந்தது, 5 தாழ்ந்தது. மெதுவாக ஓடும் ஜாப்புக்கு முதல் இரண்டையும் உயர்த்திப் பயனில்லை. கன்ட்ரோல்-எம்மில் முன்னுரிமைக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால், கிடைக்கும் ரிசோர்ஸை அந்த ஜாப்புக்காகச் சேர்த்துவைக்கும். நிறைய ஜாப்புக்குப் போட்டால் ஒருவருக்கும் பயனில்லை.

விடுமுறை நாட்காட்டி ஒன்று போதாதா?

அமெரிக்க வங்கி வேலை என்றால் நிச்சயம் போதாது. புனித வெள்ளி அன்று நியூயார்க் பங்குச் சந்தை மூடியிருக்கும், ஃபெடரல் ரிசர்வ் திறந்திருக்கும். கொலம்பஸ் தினத்திலும் நவம்பர் 11 வெட்டரன்ஸ் தினத்திலும் நேர்மாறு. பணப் பரிமாற்ற ஜாப்புக்கு ஒரு காலண்டர், பங்கு வர்த்தக ஜாப்புக்கு வேறு காலண்டர்.

விடுமுறையில் விழும் ஜாப் முந்தைய வேலை நாளுக்குப் போவதா, அடுத்த நாளுக்கா, அன்றே ஓடுவதா, ஓடவே வேண்டாமா என்பதை ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். ஓபிசியில் இதற்கு ஃப்ரீ டே ரூல் உண்டு. மாதக் கடைசி ஜாப்புக்கு ‘அடுத்த வேலை நாள்’ என்று போட்டால் அது அடுத்த மாதத்துக்குள் போய்விழும். கணக்குத் துறையிடம் கேட்காமல் போடாதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கான காலண்டரை நவம்பரிலேயே ஏற்றிவிடுங்கள். சிஏ-7-இல் ஏற்றினால் மட்டும் போதாது, ஷெட்யூல் தேதிகளைக் கணக்கிடும் ரிசால்வ் கட்டளையும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஷெட்யூல் பழைய தேதிகளோடு நின்றுவிடும். ஜனவரி 1 இரவு அமைதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஜாப் நடுவில் விழுந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஏன் விழுந்தது என்று பாருங்கள். சிஸ்டம் தரும் பிழைக் குறியீடு அதைச் சொல்லும். எஸ்0சி7 என்றால் எண் இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அங்கேயே விழும். எஸ்பி37, எஸ்டி37, எஸ்இ37 மூன்றும் இடப்பற்றாக்குறை. எஸ்டி37 என்றால் செகண்டரி (கூடுதல் இட) அளவே கொடுக்கவில்லை. எஸ்806 ப்ரோக்ராம் கிடைக்கவில்லை, எஸ்913 அனுமதி இல்லை, எஸ்322 நேர வரம்பு தாண்டியது, எஸ்222 ஆபரேட்டர் கேன்சல் செய்தது.

பிறகு, விழுந்த ஸ்டெப்புக்கு முன் எழுதப்பட்டவை என்ன நிலையில் இருக்கின்றன. ஜிடிஜியில் (ஒரே பெயரில் தலைமுறை தலைமுறையாகச் சேரும் கோப்புகள்) எல்லோரும் இடறுவார்கள். முதல் ஸ்டெப் (+1) தலைமுறையை உருவாக்கிக் கேட்டலாக் (கோப்புப் பதிவேட்டில் பதிவு) செய்தது, மூன்றாவது விழுந்தது. மூன்றிலிருந்து ரீஸ்டார்ட் செய்தால் அது புது ஜாப். அங்கே (+1) என்பது இன்னும் பிறக்காத தலைமுறை. அதை (0) என்று மாற்ற வேண்டும். முதலிலிருந்தே ஓட்டுவதானால், பாதியில் பிறந்த தலைமுறையை முதலில் நீக்க வேண்டும். சாதாரணக் கோப்புகளை நீக்காமல் மறுபடி ஓட்டினால் ‘நாட் கேட்லாக்டு 2’ (பதிவேட்டில் ஏறவில்லை என்ற செய்தி) வரலாம். ஜாப் 0-வில் முடிந்தது போலத் தெரியும், அடுத்த ஜாப் பழைய கோப்பைப் படிக்கும். ஷெட்யூலரோடு வரும் ரீஸ்டார்ட் கருவிகள் இவற்றைத் தாமே சரிசெய்யும், வாங்கி நிறுவியிருந்தால். ஐபிஎம்மின் டேட்டாபேஸான டிபி2-வில் இடையிடையே கமிட் போட்ட (மாற்றங்களை நிலைப்படுத்திய) ஸ்டெப்பை மட்டும் எந்தக் கருவியை நம்பியும் தொடக்கத்திலிருந்து ஓட்டாதீர்கள்; ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை போஸ்ட் ஆகலாம்.

தாமதமாகப் போகிறது என்று முன்கூட்டியே எப்படி அறிவது?

கடைசியிலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். காலை 6:00-க்குக் கோப்பு போக வேண்டும். சங்கிலியில் 40, 25, 55 நிமிட ஜாப்கள். மொத்தம் 2 மணி நேரம். முதலாவது 4:00-க்காவது தொடங்க வேண்டும். அலாரம் வைக்கவேண்டிய இடம் அந்த 4:00. 6:00-க்கு அலாரம் அடித்தால் செய்தி சொல்லத்தான் உதவும். மூன்று ஷெட்யூலர்களும் சராசரி ஓட்ட நேரத்தைத் தாமே வைத்திருக்கும். ஆனால் சராசரியில் மாதக் கடைசி கரைந்துபோகும். அந்த இரவுக்கு மட்டும் முந்தைய மாதக் கடைசிகளின் நேரத்தை எடுத்துத் தனியாகக் கணக்கிடுங்கள்.

ஷெட்யூலரையே அப்கிரேட் செய்யும்போது என்ன பார்க்க வேண்டும்?

2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் குழும வங்கிகளில் நடந்ததைப் படியுங்கள். பேட்ச் ஷெட்யூலர் மென்பொருளை அப்கிரேட் செய்தார்கள், கோளாறு தெரிந்தது, பின்விளைவைச் சோதிக்காமல் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். பழையதோடு பொருந்தாமல் பேட்ச் நின்றது. குறைந்தது 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014 நவம்பரில் பிரிட்டனின் இரண்டு நிதிக் கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன.

ஏற்றுவதை எல்லோரும் சோதிப்பார்கள். இறக்குவதைச் சோதிப்பவர் குறைவு. புதிய பதிப்பு ஒரு இரவு ஓடிய பிறகு அதன் க்யூவும் டேட்டாபேஸும் பழைய பதிப்புக்குப் புரியுமா என்று டெஸ்ட் சிஸ்டத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆக்டிவ் க்யூ காலியாகும்வரை வடியவிட்டு, நகல் எடுத்து, பிறகு மாற்றுங்கள். முதல் இரவில், வரவேண்டிய ஜாப் பட்டியலைப் பழைய பதிப்பில் முன்பே எடுத்துவைத்த பட்டியலோடு ஒப்பிடும்வரை பேட்சை விடுவிக்காதீர்கள்.

அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றும் இரவில் என்ன ஆகும்?

மார்ச் இரண்டாம் ஞாயிறு 2:00 மணி நேரே 3:00 ஆகும். 2:30 என்று போட்ட ஜாப் காணாமல் போகாது, 3:00-க்கு நிபந்தனை நிறைவேறிவிடும். ஆனால் 22:00 முதல் 6:00 வரை என்ற 8 மணி நேர அவகாசம் அன்று 7 மணி நேரம்தான். நவம்பர் முதல் ஞாயிறு 1:00 முதல் 1:59 வரை இரண்டு முறை வரும். 1:50-க்குத் தொடங்கிய ஜாப் 1:05-க்கு முடிந்ததாகப் பதிவாகும், சராசரி நேரக் கணக்கு கெடும். சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கு, கிழக்கு அமெரிக்காவின் இரவு 10 மணி கோடையில் காலை 7:30, குளிர்காலத்தில் 8:30. ஷிஃப்ட் பட்டியலை அந்த இரண்டு ஞாயிறுகளுக்கு முன்பே மாற்றுங்கள்.

அவசரத்துக்கு ஜாப்பை டிஎஸ்ஓவிலிருந்து (மெயின்ஃப்ரேமில் பயனர் கட்டளை கொடுக்கும் திரை) கையால் சப்மிட் செய்யலாமா?

ஜாப் ஓடும். ஆனால் கன்ட்ரோல்-எம்மில் அதற்குரிய கண்டிஷன் வெளியாகாது, ரிசோர்ஸ் எடுத்ததாகப் பதிவாகாது. அடுத்த ஜாப் காத்திருக்கும், அல்லது அதே கோப்பின்மேல் இன்னொன்று ஓடும். சிஏ-7, ஓபிசி இரண்டிலும் வெளியிலிருந்து வந்த ஜாப்பைக் கவனிக்க வழி உண்டு, முன்பே அமைத்திருந்தால் மட்டும். ஷெட்யூலர் வழியாகவே, சரியான ஓடேட்டோடு ஆர்டர் செய்யுங்கள். அதற்கு ஆகும் நேரம் 2 நிமிடம்.